கேனை எந்தப் பக்கம் சுற்றுவது

பிள்ளைகளா, போன தை மாதம் உங்கள் மாமா மூன்று வாரம் நம் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் வந்த அன்றும் என் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையில் காராச்சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விட்டார். "மாமா ஏன்ப்பா கோவமா இருக்காக?" என்று கேட்டீர்கள். "பொறவு சொல்லுதேன்" என்றேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா குறுக்கே வந்து அவள் கட்சியைப் பேசிவிடுவாள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதை நீங்கள் அறிவீர்கள். எதற்கு என்று சரியாகத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு கண்மாய் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் கார்த்திகையிலிருந்து மாசி வரை அதில் தண்ணீர் நிற்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் அந்தக் கண்மாயில் நான்கு பாய்ப்படகுகளை விட்டு, தகர ஷெட் ஒன்றில் 'செய்லிங் கிளப்' என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். படகு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். நம் வீட்டுக் கட்டிலை விடக் கொஞ்சம் நீளம். ஒரு பாய், ஒரு சுக்கான், உள்ளே ஒரே ஆள். அந்த ஆளும் குத்தவைத்த மாதிரிதான் உட்கார வேண்டும்.

என்னை அங்கே கூட்டிப்போனது மாமாதான். பாய் கிழிந்துவிட்டது, மக்காத நூல் வேண்டும் என்று கேட்டார். நான் நம் ராஜபாளையத்து மில்லில் இரட்டை இழை முறுக்கும் டபுளிங் செக்‌ஷனில் இருப்பதால், கழித்துப் போட்ட நூல் கூம்புகளில் நல்லதாக ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தைத்தும் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு வந்தால் வீட்டில் இருக்க முடியவில்லை.

நான் படகில் ஏறியது குறைவு. எனக்குப் பிடித்தது அந்தப் போட்டியின் விதிமுறை. சுபேதாரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அவர் படித்துச் சொல்வார், நான் கேட்பேன். ஓட்டப்பந்தயத்தில் கோட்டில் நின்று புறப்படுவார்கள் அல்லவா? படகு நிற்காது. அதற்குப் பிரேக் கிடையாது. அதனால் ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஊதல், நான்கு நிமிடத்தில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, பிறகு புறப்பாட்டு ஊதல். அதுவரை எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் அங்கும் இங்கும் அலைந்துகொண்டே இருக்கும். கடைசி ஊதலுக்கு முன்னால் மூக்கு கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். மில் சங்குக்கு ஓடிப் பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

இன்னொன்று. தண்ணீருக்குள் விசில் வைத்துக்கொண்டு ஓடி வரும் நடுவர் யாரும் இல்லை. நீ இன்னொரு படகுக்கு வழிவிடாமல் போய்விட்டால் உனக்கே தெரியும். நீயே ஒதுங்கிப் படகை ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு பந்தயத்தைத் தொடர வேண்டும். சுற்றி வருவதற்காக மிதக்கவிட்டிருக்கிற குறியில் இடித்துவிட்டால் ஒரு சுற்று. "யாரும் பாக்கலைன்னா?" என்று முதல் நாளே கேட்டேன். சுபேதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பாத்தேல்ல?" என்றார்.

ஆனால் நாங்கள் அதுவரை நடத்திய போட்டிக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எதிர்க் கரை மதகுச் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது, முதலில் வந்தவன் டீ வாங்கிக் கொடுப்பது. அவ்வளவுதான். தூத்துக்குடியில் இருக்கிற ஒரு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் விஷயம் மாறியது. மாசியில் கடலில் ஒரு போட்டி வைக்கிறார்கள். உங்கள் கிளப்பிலிருந்து ஒரு ஆளை அனுப்பலாம், முறைப்படி போட்டி வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அதைக் கேட்டதும் மாமா என்னை ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, தூத்துக்குடிக்கு நான் எத்தனை வாட்டி போயிருப்பேன் சொல்லு."

"அது இருக்கும் மச்சான், நூறு தடவை."

"எல்லாம் பந்தோபஸ்து. வண்டிய விட்டு எறங்கக் கூடாது. கண்ணாடி வழியா கடலப் பாத்தவன் நான். கால நனைச்சதில்ல."

மாமா போலீஸ் டிரைவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய முழங்கால் தெரியாது. இருபத்தைந்து வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால். மாசிக் கடைசியில் மதுரையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நடக்கலாம், படி ஏறலாம், குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குத்தவைக்க முடியாதவன் இந்தப் படகில் உட்கார முடியாது. ஆக, அவர் கடலில் பாய் விரிக்க வேண்டுமென்றால் அந்த மாசிதான். அடுத்த மாசி இல்லை.

போட்டிக்கு நான்கு பேர். மாமா, ஒரு உரக்கடைக்காரர், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பி.டி. டீச்சர். டீச்சர் மட்டும் கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தவர், படகை முறையாகப் பழகியவர். மற்ற மூவரும் நம்மைப் போலப் பார்த்துப் பழகியவர்கள். அதில் மாமா கெட்டிக்காரர். காற்று திரும்புவதற்கு முன்பே அவர் முதுகு திரும்பும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஷிப்ட் போர்டு எழுதுகிறவன் என்பதால் போட்டிச் சீட்டை எழுதும் வேலையை சுபேதார் என்னிடம் கொடுத்தார். அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குறிக்கு இரண்டு தண்ணீர்க் கேன்களைக் கல் கட்டி மிதக்கவிட்டிருந்தோம். காற்று வருகிற வடக்குப் பக்கம் நீலக் கேன், அது மேல் கேன். தெற்கே வெள்ளைக் கேன், அது கீழ்க் கேன். மேல் கேனைச் சுற்றி, கீழ்க் கேனைச் சுற்றி, மறுபடி மேல் கேனைச் சுற்றி வந்து, கரைக் கம்பத்துக்கும் தண்ணீரில் நட்ட கழிக்கும் நடுவே உள்ள கோட்டைத் தாண்ட வேண்டும்.

"எழுதிக்கோ. எல்லாக் கேனும் இடது கைப்பக்கம் இருக்கணும்" என்றார் சுபேதார்.

அங்கேதான் என் பேனா நின்றது.

கேன் இடது கைப்பக்கம் என்றால் படகு இடமாகச் சுற்றுகிறது. நாம் எதையாவது அப்படிச் சுற்றுவோமா? கோயிலில் சுற்ற மாட்டோம். அரச மரத்தைச் சுற்ற மாட்டோம். புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தை அப்படிச் சுற்ற மாட்டோம். மண்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு சுடுகாட்டில் சுற்றுவதுதான் இடமாகச் சுற்றுவது. கண்மாய் நிறைந்து நிற்கிற வருடம், கரையில் நாற்றுப் பாவிய விவசாயிகள் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு படகு எழவுச் சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும்? அவர்கள் சங்கம் சரி என்று சொன்னதால்தான் நாங்கள் அங்கே படகு விடுகிறோம். நாளைக்கே தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டால்?

சுபேதார் இருபத்து நான்கு வருடம் வடக்கே இருந்தவர். தமிழில் இடது வலதைச் சில நேரம் மாற்றிச் சொல்வார். அப்படித்தான் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. கேட்டிருக்கலாம். அவர் அப்போது ஷெட்டுக்கு வெளியே யாருடனோ போனில் பேசப் போயிருந்தார். நான் 'வலது கைப்பக்கம்' என்று எழுதினேன். அவர் வந்து, கண்ணாடி இல்லாமலே கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு தப்பைத் திருத்திக் கொடுத்த திருப்தியோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

போட்டி அன்று காலை சீட்டை ஷெட் கதவில் ஒட்டினேன். மாமா, உரக்கடைக்காரர், கண்டக்டர் மூவரும் விரல் வைத்துப் படித்தார்கள். டீச்சர் வந்த பஸ் தாமதம். ஓடி வந்து படகை இறக்கினார், சீட்டைப் பார்க்கவில்லை. சுபேதார் கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடியை ஏற்றியிருந்தார். சிவப்பு என்றால் குறிகளை இடப்பக்கம் விட வேண்டும் என்று அடையாளமாம். டீச்சருக்கு அது போதும். எங்களுக்கு அது அழகுக்குக் கட்டிய கொடி.

ஊதல் என் கையில். ஐந்து, நான்கு, ஒன்று. கடைசி ஊதலுக்கு மாமா கோட்டின் மேலேயே இருந்தார், அவ்வளவு கணக்காக. வாடைக்காற்று முகத்தில் அடிக்க, பாயை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றி மாற்றி நான்கு படகும் வளைந்து வளைந்து வடக்கே ஏறின. மேல் கேனுக்கு முதலில் போனவர் மாமா. வலமாகச் சுற்றினார். பின்னாலேயே டீச்சர் வந்து இடமாகச் சுற்றினார். மற்ற இரண்டும் வலமாக. ஒரு கேனுக்கு இரண்டு பக்கமிருந்தும் படகுகள் வந்தால் எப்படி இருக்கும்? கண்டக்டர் படகும் டீச்சர் படகும் மூக்கோடு மூக்கு முட்டின. உரக்கடைக்காரர் பாய் இருவர் தலையையும் தடவிக்கொண்டு போனது.

"எதிர்ல வாரீங்களே டீச்சர், கண்ணு தெரியலையா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"நீங்கதான் எதிர்ல வாரீங்க! ப்ரொட்டெஸ்ட்!" என்று டீச்சர் கத்தினார். அந்தச் சொல்லைக் கத்தினால்தான் பிறகு கரையில் விசாரணை கேட்க முடியும். அது விதி.

"ஏறுத பயணியெல்லாம் இப்படித்தான் ஒன்வேயில வாராக" என்று கண்டக்டர் தனக்குத்தானே புலம்பியது கரை வரை கேட்டது.

இந்தக் கலவரத்தில் மாமா தனியே போய்விட்டார். அவர் கோட்டைத் தாண்டியதும் ஊதினேன். மாமா முதல். டீச்சர் இரண்டாவது.

படகுகளைக் கொண்டுவருகிற குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு, அதன் மேல் சுபேதார் உட்கார்ந்தார். அதுதான் விசாரணை மன்றம். எல்லோரும் ஈரத்தோடு நின்றோம். அவர் கதவிலிருந்து சீட்டைக் கிழித்துவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கம்பத்தில் இருந்த சிவப்புக் கொடியைப் பார்த்தார். பிறகு மறுபடி சீட்டை.

"வலதுன்னு இருக்கு. கீழ என் கையெழுத்து. நானா வலதுன்னு சொன்னேன்?" அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "வயசாயிப்போச்சு. வாயி ஒண்ணு சொல்லுது, மண்டை ஒண்ணு நெனைக்கு."

டீச்சர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "சீட்டுல அப்படி இருந்தா நான் போனதுதான் சார் தப்பு. படிக்காம எறங்கிட்டேன். விட்டுடுங்க, அவங்களே போகட்டும்" என்றார்.

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பத்து வயதுப் பையனைப் போல இருந்தது.

பிள்ளைகளா, நான் வாயைத் திறக்காவிட்டால் அதோடு முடிந்தது. மாமா கடலுக்குப் போயிருப்பார். சுபேதார் தனக்கு மறதி வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பார். "நீ பாத்தேல்ல?" என்று அவர் முதல் நாள் கேட்டது எனக்குக் காதில் கேட்டது என்று சொன்னால் பொய். எனக்கு அப்போது தோன்றியது வேறு. தன் மண்டையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நீங்க இடதுன்னுதான் சொன்னீங்க சார். நான்தான் மாத்தி எழுதுனேன்."

"என்னத்துக்கு?"

"இடமா சுத்துனா நல்லதில்லைன்னு..."

உரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சுபேதார் சிரிக்கவில்லை. "நீ படகில இருந்தீன்னா ரெண்டு சுத்து சுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார். "கரையில நிக்கவனுக்கு என்ன தண்டனைன்னு புத்தகத்துல இல்லையே." போட்டி ரத்து, அடுத்த ஞாயிறு மறுபடி நடக்கும், கேன் இடது கைப்பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார்.

மாமா என் பைக் வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தார். "பேசாம இருந்திருக்கலாம்ல மாப்ள" என்று மட்டும் சொன்னார். உங்கள் அம்மா வீட்டில் சொன்னது இதைவிட நீளம். "எங்கண்ணன் கால் ஓடுத நாளைக்குள்ள போயிட்டு வந்திருக்கும். தப்பு பண்ணுததும் நீங்க, உண்மை பேசுததும் நீங்க. நடுவுல அது என்ன செஞ்சுச்சு?"

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் இடது? நான் முக்காலியின் இரண்டு கால்களில் நூலைக் கட்டி, நடுவீட்டில் டம்ளரை வைத்துத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன், நீங்கள் இருவரும் சிரித்தீர்கள், அது இதற்காகத்தான்.

டீச்சரிடம் போனில் கேட்டபோது அவர் சொன்னார்: "அண்ணாச்சி, காத்து யாருக்கு வலப்பக்கமிருந்து வருதோ அவங்களுக்குத்தான் வழி. இடமா சுத்துனா, மேல் கேனை நெருங்குற கடைசி ஓட்டத்துல படகுக்குக் காத்து வலப்பக்கம் இருக்கும். வழியும் அதுக்குத்தான், திரும்புறதும் சுலபம். வலமா சுத்த வச்சா வழி உள்ளவங்க குறுக்க வருவாங்க, திரும்புறவங்க நடுவுல மாட்டுவாங்க." இரண்டு தீப்பெட்டிகளை வைத்து நகர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. இதில் நல்லது கெட்டது ஒன்றும் இல்லை, முட்டாமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு. எனக்கே வெட்கமாக இருந்தது. மில்லில் நான் இருபது வருடமாகப் பார்க்கிற வேலை என்ன? ஒற்றை நூல் ஒரு பக்கம் முறுக்கி வருகிறது. இரண்டைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குகிறோம். அப்படி முறுக்காவிட்டால் நூல் சுருண்டு கிடக்கும். அதை ஒருநாளும் நான் அபசகுனம் என்று நினைத்ததில்லை.

நூல் எதற்கு என்று கேட்பீர்கள். புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு படகு சரியாகப் போனதா என்று எப்படித் தீர்மானிப்பது? அது போன தடத்தில் ஒரு நூல் கிடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து முடித்த இடம் வரை அந்த நூலை விறைப்பாக இழுத்தால், அது ஒவ்வொரு குறியையும் சரியான பக்கத்தில் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தப்பான பக்கம் சுற்றினால் வந்த வழியே அவிழ்த்துக்கொண்டு போய், சரியாகச் சுற்றலாம். கடல் விளையாட்டுப் புத்தகத்தில் நூல் வருகிறது என்றதும் எனக்கு யாரோ நம் தெருவைப் பற்றிப் பேசியது மாதிரி இருந்தது. டம்ளரைச் சுற்றிப் பார்த்தேன். இரு முனையையும் ஒரே காலில் கட்டினால் இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும் நூல் ஒன்றுபோலவே கிடக்கிறது. வலது காலில் தொடங்கி இடது காலில் முடித்தால் வித்தியாசம் தெரிகிறது. இடமாகச் சுற்றிய நூல் பிரிந்து கிடக்கும். வலமாகச் சுற்றிய நூல் டம்ளருக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும்.

அடுத்த ஞாயிறு மறுபோட்டி. கரையில் விவசாயிகள் சங்கத் தலைவர் நின்றிருந்தார். நானே போய், "அண்ணாச்சி, இன்னைக்கு இடமா சுத்துவாக. விளையாட்டு விதி அப்படி. தப்பா எடுத்துக்கிடாதீக" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் மடைக்கல்லுல தண்ணி எம்புட்டு நிக்குன்னு பாக்க வந்தேன். நீங்க சுத்துததுல தண்ணி கொறையுமா?"

"கொறையாது."

"பின்ன எப்படியும் சுத்துங்க, தலைகீழாக்கூட சுத்துங்க. மீனக் கலைக்காதீக."

ஊதினேன். இந்த முறையும் மாமாதான் முன்னால். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தாரோ. முதல் சுற்றில் மேல் கேனுக்கு அவர் தனியாகப் போய்ச் சேர்ந்தார். டீச்சர் பத்துப் படகு நீளம் பின்னால். இனி இடமாகத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

அவர் கை வலமாகத் திருப்பியது.

கத்த வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கரையிலிருந்து யாரும் உதவி சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் அவரைத்தான் பாதிக்கும். ஊதலைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு நின்றேன். கேனைப் பாதி சுற்றிவிட்டார். எதிரே டீச்சர் படகு வருவதைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முதுகு நிமிர்ந்தது. ஒரு நொடி பாய் படபடவென்று அடித்தது. பிறகு அப்படியே படகைத் திருப்பி, வந்த வழியே பின்னால் சுற்றி, கேனுக்குத் தெற்கே இறங்கி, மறுபடி இடமாக ஏறிச் சுற்றினார். அதற்குள் டீச்சர் போய்விட்டார். அதற்குப் பிறகு மாமா ஓட்டிய ஓட்டத்தைப் போல நான் பார்த்ததில்லை. கடைசியில் இரண்டு படகு நீளம்தான் வித்தியாசம். டீச்சர் முதல். மாமா இரண்டாவது.

கரைக்கு வந்ததும் மாமா, "நேரா யோசிக்கையில இடது. கை தானா போகையில வலது" என்று சிரித்தார். டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம் வரவில்லை.

மாசியில் டீச்சர் தூத்துக்குடி போய்வந்தார். கடைசிக்கு முந்தின இடம் என்று போனில் சொன்னார். "அலையில நம்ம கண்மாய் வித்தையெல்லாம் ஒண்ணும் எடுபடல அண்ணாச்சி" என்றார். மாசிக் கடைசியில் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தது. நானும் அம்மாவும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அம்மா மருந்து வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில்தான் அவர் என்னிடம் பேசினார். மறுபோட்டிக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"மாப்ள, ஒண்ணு கேக்கேன். மழுப்பாம சொல்லு."

"கேளுங்க மச்சான்."

"நான் தப்பா பாதி சுத்துனேன்ல. பொறவு திருத்துனேன். அது கணக்குல வருமா? நான் நெசமாவே ரெண்டாவதா? இல்ல, கால் போன மனுசன்னு பாவம் பாத்துப் போட்டாரா சுபேதாரு?"

"புத்தகத்துல இருக்கு மச்சான், அவுத்துட்டு மறுபடி சுத்தலாம்னு."

"அவுத்துட்டேன்னு யாரு சொன்னா? எனக்கே தெரியல. அந்தப் பதட்டத்துல எங்க போனேன், எப்படித் திரும்புனேன்... ஒரு சுத்து கொறைஞ்சிருந்தா?" அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடலுக்குத்தான் போகல. இந்த ரெண்டாவதாவது நெசமா இருக்கணும். பாவம் பாத்துக் குடுத்த ரெண்டாவது எனக்கு வேண்டாம்."

கரையிலிருந்து நான் பார்த்தேன், சரியாகத்தான் போனீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு தடவை என் பார்வைக்குச் சரி என்று பட்டதை எழுதியதால் வந்ததுதான் இவ்வளவும். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொன்னேன். வேலை நாள் என்பதால் கண்மாயில் யாரும் இல்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, மேல் கேன் மட்டும் இன்னும் மிதந்தது; சந்தேகமும் அந்த ஒரு கேனில்தான். ஷெட்டில் இருந்த துடுப்புப் படகை இறக்கினேன். மில்லிலிருந்து கேட்டு வாங்கிய இரண்டு இழைப் பருத்தி நூல் கூம்பு ஒன்றைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும், அதனால் அறுந்துவிடும் என்ற பயம் இல்லை. முனையைக் கரையோரக் கம்பத்தில், அதாவது கோட்டின் வலது முனையில் கட்டிவிட்டுத் துடுப்பு வலித்தேன்.

மாமா போன மாதிரியே போனேன். கேனை வலது பக்கம் வைத்து ஏறினேன். பாதி சுற்றினேன். அவர் நின்ற இடத்தில் நின்றேன். வந்த வழியே திரும்பினேன், கேனுக்குத் தெற்கே இறங்கினேன், கேனை இடது பக்கம் வைத்து ஏறிச் சுற்றினேன். கூம்பு கடகடவென்று ஆடிக்கொண்டே நூலை விட்டது. தண்ணீர் மேல் அது கோழி கிளறியது போலக் கிடந்தது. கோட்டின் இடது முனைக்கு வந்து, அங்கே நட்டிருந்த கழியில் படகைக் கட்டிக்கொண்டு, நூலை மெதுவாக இழுக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. வளைவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தது. கேனுக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கி போலக் கிடந்த வளைவு மட்டும் நகராமல் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அது கேனின் விலாவைத் தடவிக்கொண்டு வழுக்கி வந்து, இல்லாமலே போய்விட்டது. நூல் தண்ணீரை விட்டு மேலே எழுந்து சொட்டியது. கம்பத்திலிருந்து ஒரு கோடு கேனின் வலது பக்கமாக ஏறியது. கேனின் வடக்குப் பக்கத்தைச் சுற்றி, மறுபக்கம் ஒரு கோடு என் கைக்கு இறங்கியது. நடுவில் குறுக்கே எதுவும் விழவில்லை. மாமாவிடம் இனி தைரியமாகச் சொல்லலாம், அவருடைய இரண்டாவது நிஜம்தான்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கரைக்கு வலித்துப் போய், கம்பத்து முடிச்சை அவிழ்த்து, ஈர நூலை முழுவதும் கையால் கூம்பில் திரும்பச் சுற்றினேன். சுற்றும்போது என் கை எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.